கொலம்பியாக்காரர் "நானும் அமெரிக்கன்தான்" என்றால் அது வீம்பா?

கேள்வி கேட்டவர் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒரு கான்ஃபரன்ஸ் காலில் "அமெரிக்கன் டீம் கேட்டபடி" என்று பேச்சை ஆரம்பித்திருக்கிறார். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவிலிருந்து லைனில் இருந்த ஒருவர் குறுக்கே புகுந்து, "எந்த அமெரிக்கன்? நானும் அமெரிக்கன்தானே" என்றிருக்கிறார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம். அவர் சொன்னது சரியா, வீம்புக்குச் சொன்னாரா, இனிமேல் மெயிலில் எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறார்.

வீம்பு இல்லை. அதே சமயம் நீங்கள் சொன்னதும் தப்பில்லை. நீங்கள் இரண்டு பேரும் அவரவர் பள்ளிக்கூடத்தில் படித்ததைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

நம் ஊர்ப் புத்தகத்தில் கண்டங்கள் ஏழு. வட அமெரிக்கா தனி, தென் அமெரிக்கா தனி. ஆங்கிலம் வழியாக வந்த பாடம் அது. ஸ்பானிஷிலும் போர்ச்சுகீசிலும் படித்த பிள்ளைக்கு அமெரிக்கா என்பது ஒரே கண்டம், அலாஸ்காவில் ஆரம்பித்து சிலியின் தெற்கு முனை வரைக்கும். ஒலிம்பிக் கொடியில் ஐந்து வளையங்கள் இருப்பதை யோசித்துப் பாருங்கள், அதில் அமெரிக்காவுக்கு ஒரு வளையம்தான். ஆகவே பொகோட்டாக்காரர் தன்னை "அமெரிக்கானோ" என்று சொல்வது நாம் "ஆசியாக்காரன்" என்று சொல்வது மாதிரி. நாம் தினமும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை, சரி. ஆனால் ஆசியாவில் ஏதோ ஒரு நாடு மட்டும் அந்தப் பெயரைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, உலகமே அதை ஒப்புக்கொண்டுவிட்டால் அன்றைக்கு நமக்கும் சுருக்கென்றுதான் இருக்கும்.

நான் மெக்சிகோவில் குவாதலஹாராவில் மூன்று வருஷம் இருந்தேன். போன புதிதில் எனக்கும் இதே மாதிரி ஒரு திருத்தம் கிடைத்தது, அதனால் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத் தெரிந்தது, இந்தச் சண்டை நான் நினைத்ததைவிட ரொம்பப் பழசு.

அமெரிக்கா என்ற பெயரை முதலில் அச்சில் போட்டது 1507இல், இன்றைய பிரான்சின் கிழக்குப் பக்கம் லொரேனில் சான் தியே என்ற சின்ன ஊரில். மார்ட்டின் வால்ட்சீமுல்லர் என்ற ஜெர்மன் வரைபடக்காரரும் மத்தியாஸ் ரிங்மன் என்ற அவருடைய கூட்டாளியும் சேர்ந்து ஒரு பெரிய உலகப் படம் வெளியிட்டார்கள். கொலம்பஸ் கடைசிவரை ஆசியாவுக்குத்தான் போய்விட்டோம் என்று சாதித்தார், இது புது நிலம் என்று எழுதியவர் அமெரிகோ வெஸ்புச்சி, ஆகவே அவர் பெயரை வைப்போம் என்பது கணக்கு. ஐரோப்பா, ஆசியா எல்லாம் பெண்பால் பெயர்கள், அதனால் அமெரிக்கா. அந்தப் படத்தில் "அமெரிக்கா" என்ற எழுத்து எங்கே இருக்கிறது தெரியுமா? தெற்கே, ஏறக்குறைய இன்றைய பிரேசில் பக்கம். இன்று அந்தப் பெயரை வைத்திருக்கும் நாடு இருக்கும் இடத்தில் அந்த எழுத்தே கிடையாது. இன்னொரு வேடிக்கை, 1513இல் வந்த படத்தில் வால்ட்சீமுல்லரே அந்தப் பெயரை எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது. 1538இல் மெர்க்காட்டர் என்ற வரைபடக்காரர் வடக்கு, தெற்கு இரண்டு பக்கத்துக்கும் அதே பெயரைப் போட்டார். 1507 படத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே பிரதியை வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம் 2003இல் 1 கோடி டாலர் கொடுத்து வாங்கி, அமெரிக்காவின் பிறப்புச் சான்றிதழ் என்று சொல்லிக் காட்சிக்கு வைத்திருக்கிறது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் பிரேசில் என்று இருக்கிற சான்றிதழ்!

சரி, பெயர் நிலத்துக்கு வந்தது. ஆளுக்கு எப்போது வந்தது? ஆங்கிலத்தில் முதலில் "அமெரிக்கன்" என்று எழுதியபோது அது அங்கே ஆதியிலிருந்து இருந்த பழங்குடிகளைக் குறித்தது. குடியேறிய வெள்ளைக்காரர்கள் தங்களை ஆங்கிலேயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில்தான் அந்தச் சொல் மெதுவாக அவர்கள் பக்கம் நகர்ந்தது, அதிலும் லண்டன்காரர்கள் அதைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் சொன்னார்கள்.

உங்கள் நண்பர் பக்கம் உள்ள கதை பலருக்கும் தெரியாது. ஸ்பெயின் ஆண்ட பகுதிகளில் இதே சொல் இதே காலத்தில் இன்னும் சூடாக வளர்ந்தது. அங்கே பிறந்த வெள்ளையர்களுக்கு க்ரியோயோ என்று பெயர். நிலம், சுரங்கம் எல்லாம் அவர்களிடம் இருந்தது, ஆனால் வைஸ்ராய், பிஷப் மாதிரி பெரிய பதவிகள் பெரும்பாலும் ஸ்பெயினில் இருந்து கப்பலேறி வந்தவனுக்கு. அந்தக் கடுப்பில் அவர்கள் பிடித்துக்கொண்ட சொல்தான் அமெரிக்கானோ. 1803 வாக்கில் மெக்சிகோவில் சுற்றிய ஜெர்மன் அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட் இதைக் குறித்து வைத்திருக்கிறார்: "நான் ஸ்பானியன் இல்லை, அமெரிக்கன்" என்று இவர்கள் பெருமையாகச் சொல்லக் கேட்கலாம் என்று. 1813 நவம்பர் 6ஆம் தேதி சில்பன்சிங்கோ ஊரில் கூடிய சபை ஒரு விடுதலைப் பிரகடனம் போட்டது. அதில் மெக்சிகோ என்று நாட்டுக்குப் பெயர் சொல்லவில்லை, "வட அமெரிக்காவின் சுதந்திரம்" என்றுதான் தலைப்பே. மறுவருஷம் அபாட்சிங்கானில் எழுதிய அரசியல் சாசனம் "மெக்சிகோ அமெரிக்காவின் விடுதலைக்காக" என்று ஆரம்பிக்கிறது.

அப்படியானால் பிரிட்டனிடம் இருந்து பிரிந்து யூ.எஸ். ஆன 13 காலனிகள் எப்படி மொத்தப் பெயரையும் தட்டிக்கொண்டு போனார்கள்? திட்டம் போட்டு எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களுடைய 1776 விடுதலைப் பிரகடனத்தில் இருப்பது பெயர் மாதிரியே இல்லை, விவரிப்பு மாதிரி இருக்கிறது: அமெரிக்காவில் உள்ள, ஒன்றுசேர்ந்த மாநிலங்கள், அவ்வளவுதான். "வேலூர் மாவட்டக் கூட்டுறவு விற்பனைச் சங்கம்" என்று பதிவு செய்துவிட்டு உறுப்பினரை எப்படி அழைப்பது என்று யோசிக்காமல் விட்ட மாதிரி. மெக்சிகோ, பெரு என்று மற்றவர்களுக்கு மண்ணோடு ஒட்டிய பெயர் கிடைத்தது. இவர்களுக்கு இல்லை. கொலம்பியா என்று வைக்கலாம் என்றார்கள், அது தலைநகர் இருக்கும் டிஸ்டிரிக்ட் ஆஃப் கொலம்பியாவோடு நின்றுவிட்டது. சாமுவேல் மிட்சில் என்ற மருத்துவர் ஃப்ரெடோனியா என்றார். எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் மலைத்தொடரின் பெயரால் அப்பலாச்சியா அல்லது அலெகனியா என்று வைக்கலாமே என்றார். ஒன்றும் ஒட்டவில்லை. அன்றாடப் பேச்சுக்கு ஒரு சொல் வேண்டுமே, கடைசியில் "அமெரிக்கன்" என்பது தங்கிவிட்டது.

இங்கே உங்கள் நண்பரைச் சீண்ட ஒரு விஷயம் இருக்கிறது. கொலம்பியா என்ற பெயரை ஸ்பானிஷ் பக்கம் கொண்டுவந்தவர் வெனிசுவேலாவைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ டி மிராண்டா. அவர் அதை ஒரு நாட்டுக்கு யோசிக்கவில்லை, ஸ்பெயினிடமிருந்து விடுபடப்போகும் மொத்த நிலப்பரப்புக்கும் யோசித்தார். 1819இல் ஸ்பெயினை எதிர்த்துப் போராடிய தலைவர் பொலிவார் அமைத்த கொலம்பியாவில் இன்றைய வெனிசுவேலா, ஈக்வடார், பனாமா எல்லாம் இருந்தன. அது பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் உடைந்து, ஆளாளுக்குப் பிரிந்து போனபின், கடைசியில் பெயர் பொகோட்டாக்காரர்களிடம் தங்கிவிட்டது. அதாவது எல்லோருக்கும் பொதுவாக நினைத்த பெயரை ஒரு நாடு வைத்துக்கொண்ட கதை அவர் வீட்டிலும் உண்டு.

ஆனாலும் இரண்டும் ஒன்றாகிவிடாது, ஏனென்றால் கொலம்பியா அந்தப் பெயரோடு அக்கம்பக்கத்து நாடுகளுக்குப் படையோடு போய் நிற்கவில்லை. 1823இல் வாஷிங்டன் மன்றோ கோட்பாடு என்று ஐரோப்பியர்களைப் பார்த்து "இந்தப் பக்கம் வராதே" என்று சொன்னபோது தெற்கே சிலர் மகிழ்ந்தார்கள். 1829இல் பொலிவாரே ஒரு பிரிட்டிஷ் தூதருக்கு எழுதிய கடிதத்தில், சுதந்திரத்தின் பெயரால் அமெரிக்காவைத் துன்பத்தால் நிரப்பவே இறைவன் ஐக்கிய நாடுகளை, அதாவது யூ.எஸ்.ஸை, அனுப்பியது போலத் தெரிகிறது என்று புலம்புகிறார். அந்த வாக்கியத்தைக் கவனியுங்கள், அவர் கணக்கில் "அமெரிக்கா" என்பது அடி வாங்குகிற பக்கம், அடிக்கிறவனுக்குப் பெயர் "ஐக்கிய நாடுகள்". பிறகு 1846 முதல் 1848 வரை யூ.எஸ்.ஸுக்கும் மெக்சிகோவுக்கும் போர், மெக்சிகோ தன் நிலத்தில் பாதிக்கு மேல் இழந்தது, கலிபோர்னியா எல்லாம் அப்போது போனதுதான். டென்னஸியில் பிறந்த வில்லியம் வாக்கர் என்ற கூலிப்படைத் தலைவன் 1855இல் நிகரகுவாவில் நுழைந்து, 1856இல் தன்னையே ஜனாதிபதியாக்கிக்கொண்டான், அவன் கைக்குள் இருந்த அரசை வாஷிங்டன் அந்த வருஷம் அங்கீகரிக்கவும் செய்தது.

அதே 1856இல்தான் "லத்தீன் அமெரிக்கா" என்ற சொல் பிறக்கிறது. பாரிஸில் இருந்த சிலி நாட்டு பிரான்சிஸ்கோ பில்பாவோ ஒரு பேச்சில் சொல்கிறார், அதே சமயம் ஹோசே மரியா டோரஸ் காய்செடோ ஒரு கவிதையில் எழுதுகிறார். இந்த டோரஸ் காய்செடோ பொகோட்டாவில் பிறந்தவர், உங்கள் நண்பரின் ஊர்க்காரர். அதுவரை அடைமொழி இல்லாமல் அமெரிக்கானோ என்று இருந்தவர்கள் தங்களைத் தனியாகக் காட்ட ஒரு அடைமொழி போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. எனக்கு இந்தச் சண்டையின் முடிச்சே இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது: ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருக்கும்போது பலசாலிக்கு அது வெறும் பெயராக நிற்கிறது, மற்றவன் "சின்ன", "பழைய", "தெற்குத் தெரு" என்று ஏதாவது சேர்த்துக்கொள்கிறான். அந்த "லத்தீன்" என்ற ஒட்டும் எல்லோரையும் சேர்க்கவில்லை, ஆண்டிஸ் மலைப் பழங்குடி மொழியான கெச்சுவா பேசுகிறவருக்கும் ஆப்பிரிக்காவிலிருந்து இழுத்துவரப்பட்டவரின் பேரனுக்கும் லத்தீனோடு என்ன உறவு? பழங்குடி இயக்கங்கள் பல இன்று அமெரிக்கா என்ற பெயரையே விட்டுவிட்டு, பனாமா பக்கத்து குனா மக்களின் மொழியில் உள்ள அப்யா யாலா என்ற பெயரைச் சொல்கின்றன. அவர்களைப் பொறுத்தவரை இந்தப் பெயர்ச் சண்டையே இரண்டு வந்தேறிக் கூட்டங்களின் பங்காளித் தகராறு.

வாஷிங்டனுக்கு அந்தச் சொல்லின் அகலமான பொருள் தெரியாது என்று நினைக்க வேண்டாம். வேண்டும்போது அதையே எடுத்துக்கொள்வார்கள். 1948இல் அமெரிக்க நாடுகள் அமைப்பு என்று ஒன்று உருவானது, சாசனம் கையெழுத்தானது பொகோட்டாவில், தலைமையகம் வாஷிங்டனில். அந்தப் பலகையில் உள்ள "அமெரிக்க" என்பது மொத்தக் கண்டம்தான். பான் அமெரிக்கன் விளையாட்டும் அப்படியே. 1969இல் மனித உரிமைக்கென்று அமெரிக்க ஒப்பந்தம் ஒன்று வந்தது, யூ.எஸ். 1977இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்றுவரை செனட் ஒப்புதல் தரவில்லை. அமெரிக்க ஒப்பந்தத்தில் அமெரிக்கா இல்லை!

சமீபத்திய அத்தியாயம் உங்களுக்கே தெரிந்திருக்கும். 2025 ஜனவரியில் டிரம்ப் மெக்சிகோ வளைகுடாவை அமெரிக்க வளைகுடா என்று மாற்றப்போவதாகச் சொன்னபோது, மெக்சிகோ ஜனாதிபதி கிளாடியா ஷீன்பாம் ஒரு பழைய வரைபடத்தைத் திரையில் போட்டு, வட அமெரிக்காவை நாம் "அமெரிக்கா மெக்சிகானா" என்று கூப்பிடலாமே, கேட்க நன்றாக இருக்கிறதே என்று சிரித்தார். மேலே சொன்ன அபாட்சிங்கான் சாசனத்திலிருந்து எடுத்த பெயர்தான் அது. பலரும் இதை ஒரு ஜோக்காக மட்டும் பகிர்ந்தார்கள்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். ஆங்கிலத்தில் அமெரிக்கன் என்றால் யூ.எஸ். ஆள் என்பது முடிந்துபோன விஷயம். அதற்கு மாற்றுச் சொல்லே கிடையாது. இதற்கு நல்ல சாட்சி கனடாக்காரர்கள். அவர்களும் அதே கண்டம்தான், ஆனால் யாராவது அவர்களை அமெரிக்கன் என்று சொல்லிவிட்டால் பொகோட்டாக்காரருக்கு வந்ததைவிடக் கோபம் வரும், நேர் எதிர்த் திசையில். ஸ்பானிஷில் கதை வேறு. அங்கே முறையான சொல் எஸ்டாடோஉனிடென்சே, "ஐக்கிய மாநிலத்தான்" என்ற மாதிரி. சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். அதனால் பத்திரிகையில் அதைப் போடுவார்கள், தெருவில் போடமாட்டார்கள். குவாதலஹாராவில் நான் கேட்டவரை, வாயில் வருவது கிரிங்கோ, கபாச்சோ, இல்லாவிட்டால் அமெரிக்கானோவேதான்! ஆமாம், என்னைத் திருத்திய அதே ஆபீஸில் பிற்பகல் டீ நேரத்தில் "அந்த அமெரிக்கானோ மறுபடி போன் பண்ணினான்" என்று அவர்களே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பிரேசிலிலும் அமெரிக்கானோ என்பது சர்வசாதாரணம். தங்களுக்குள் சொல்லும்போது வலிக்காது, வெளியாள் மீட்டிங்கில் சொன்னால் வலிக்கும். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எஸ்டாடோஉனிடென்சேயிலும் ஓட்டை இருக்கிறது. மெக்சிகோவின் அதிகாரப்பூர்வப் பெயர் இன்றைக்கும் "மெக்சிகோ ஐக்கிய நாடுகள்" தான். வெனிசுவேலாவும் பிரேசிலும் ஒரு காலத்தில் ஐக்கிய நாடுகள். ஏன், கொலம்பியாவே 1863 முதல் 1886 வரை கொலம்பிய ஐக்கிய நாடுகள். தமிழில் நமக்கு வேறு தலைவலி, "ஐக்கிய நாடுகள்" என்றாலே நியூயார்க்கில் உள்ள ஐ.நா. சபை ஞாபகத்துக்கு வருகிறது. செயற்கை மொழியான எஸ்பெராண்டோ நாட்டுக்கு உசோனோ, கண்டத்துக்கு அமெரிக்கோ என்று சுத்தமாகப் பிரித்து வைத்திருக்கிறது. சீன மொழியும் நாட்டுக்கு மெய்குவோ, கண்டத்துக்கு மெய்சோ என்று சமாளித்துவிட்டது.

இந்தக் கேள்விக்கு வந்த பதில் ஒன்றில் ஒருவர், "குடியுரிமை உள்ளவன் அமெரிக்கன், மற்றவன் இல்லை, இதில் என்ன விவாதம்" என்று எழுதியிருந்தார். அவ்வளவு சுலபமாக இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். யூ.எஸ். அரசியல் சாசனத்தின் பதினான்காவது திருத்தம் "ஐக்கிய நாடுகளின் குடிமக்கள்" என்றுதான் சொல்கிறது, "அமெரிக்கன்" என்றால் யார் என்று அதில் இல்லை. பாஸ்போர்ட்டில் தேசியம் என்ற இடத்திலும் நாட்டின் பெயர்தான் இருக்கும். யார் நுழையலாம் என்பதில் நம் ஆட்களே அடிபட்டிருக்கிறார்கள். பஞ்சாபிலிருந்து போன பகத் சிங் திந்த் முதல் உலகப் போரில் அந்த நாட்டு ராணுவத்தில் இருந்தவர். 1923இல் உச்ச நீதிமன்றம், சாதாரண ஆள் கண்ணில் நீ வெள்ளையன் இல்லை, ஆகவே குடியுரிமை கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. ஏற்கெனவே வாங்கியிருந்த மற்ற இந்தியர்கள் பலரிடமிருந்தும் பறித்தார்கள். அந்தக் கதவு 1946இல்தான் திறந்தது. அங்கேயே பிறந்த பழங்குடிகள் எல்லோருக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது 1924இல். ஆங்கிலத்தில் முதன்முதலில் "அமெரிக்கன்" என்று குறிக்கப்பட்டவர்கள் அவர்கள், குடியுரிமை வரிசையில் கிட்டத்தட்ட கடைசியில் நின்றவர்களும் அவர்கள்தான்.

இன்னும் ஒன்று. பசிபிக் நடுவே அமெரிக்கன் சமோவா என்று தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே பிறந்தவருக்கு யூ.எஸ். பாஸ்போர்ட் உண்டு. ஆனால் அதற்குள், இவர் ஐக்கிய நாடுகளின் தேசத்தவர், குடிமகன் அல்ல என்று ஒரு வரி அச்சடித்திருக்கும். கண்டத்தில் இருக்கிற பொகோட்டாக்காரருக்குப் பெயர் இல்லை, கண்டத்திலேயே இல்லாத ஊருக்குப் பெயர் இருக்கிறது, குடியுரிமை இல்லை.

உங்கள் மெயில் விஷயம் ரொம்பச் சின்னது. டல்லஸ் டீம், பொகோட்டா டீம் என்று ஊர் பெயரைப் போடுங்கள், இல்லையென்றால் யூ.எஸ். டீம் என்று எழுதுங்கள், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஆங்கிலத்தில் பேசும்போது அமெரிக்கன் என்று வாயில் வந்துவிட்டால் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். அவரிடம் ஸ்பானிஷில் பேச முயற்சி செய்கிறீர்கள் என்றால் மட்டும் அந்த நீளமான சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள், முதல் தடவை திக்கினாலும் சந்தோஷப்படுவார். அந்த மிராண்டா கதையைக் கண்டிப்பாகக் கேளுங்கள், ஆனால் கிளையண்ட் லைனில் இருக்கும்போது வேண்டாம்.